பத்தி ஆறுக்கு ஒரு திருத்தம்

பத்தாயிரம் வீடுகளின் மின்சாரக் கணக்கு ஒரே கோப்பாக எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. பெயர் இல்லை. முகவரி இல்லை. இணைப்பு எண் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரிசை எண், அதற்கு எதிரே பதினைந்து நிமிடத்துக்கு ஒரு அளவு. இரண்டரை வருடத்துக்கு.

நான் மின் ஒழுங்குமுறை ஆணையத்தில் தொழில்நுட்பப் பிரிவில் உதவி அதிகாரி. மின்சாரத்தை உண்டாக்குவதோ வீடுகளுக்குக் கொண்டுபோவதோ எங்கள் வேலை இல்லை. அதைச் செய்கிறவர்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று விதி எழுதுவது எங்கள் வேலை. முன்பெல்லாம் மீட்டர் மாதத்துக்கு ஒரு எண்ணைச் சொன்னது. இப்போது ஒரு நாளைக்குத் தொண்ணூற்றாறு எண்களைச் சொல்கிறது. மாடியில் சூரியத் தகடு, வாசலில் மின்சார வண்டி. எந்தத் தெரு எந்த நேரத்தில் எவ்வளவு இழுக்கும் என்று அனுபவஸ்தர்களாலும் ஊகிக்க முடியவில்லை. அதனால் விநியோக நிறுவனம் வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் மீட்டர் வைத்தது. அது சேர்க்கிற அளவுகளை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்பதற்கு விதி இல்லை. அந்த விதியை எழுதத்தான் கோப்பு வந்தது.

வந்த மூன்றாம் நாள், மதிய இடைவேளையில், அதில் என் வீட்டைத் தேடினேன்.

கைதவறிச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். என் மனைவி இறந்து அப்போது ஏழு மாதம். கடைசி வருடத்தில் அவள் மூன்று முறை மருத்துவமனையில் தங்கினாள். கூட நானும் தங்கினேன். அந்த நாட்களில் வீட்டில் ஃபிரிட்ஜ் மட்டும் ஓடியது. முதல் முறை தங்கிய தேதியைப் போட்டு, அன்றைக்கு ஃபிரிட்ஜ் மட்டும் ஓடிய வீடுகளைக் கேட்டேன். நாற்பத்தொன்று வந்தன. இரண்டாவது தேதியைச் சேர்த்தேன். மூன்று. மூன்றாவதையும் சேர்த்தேன். ஒன்று.

வரிசை எண் 4417.

நகரத்தில் எத்தனையோ லட்சம் வீடுகள். எங்கள் வீடு அந்தப் பத்தாயிரத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இருந்தது. உறுதிக்காகப் பழைய மின்கட்டண ரசீதுகளை எடுத்துவந்து மாதக் கூட்டுத்தொகையை ஒப்பிட்டேன். முப்பது மாதமும் பொருந்தியது.

அன்றிலிருந்து தினமும் மதியம் ஒரு நாளைத் திறந்து பார்ப்பேன். ஒன்றுதான். காலை ஐந்தே முக்காலுக்குக் கோடு மேலே போகும். வெந்நீர். அவள் குளிக்கப் போகிறாள். ஆறரைக்குக் குட்டியாக ஒரு முள். மிக்ஸி. எட்டே காலுக்கு எல்லாம் அடங்கும். நான் ஆணையத்துக்கும் அவள் கல்லூரி நூலகத்துக்கும் கிளம்பிவிட்டோம். மாலை ஆறரைக்கு முதல் விளக்கு. விடுமுறை நாட்களில் கோட்டுக்கு ஒழுங்கே கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று வரை ஒன்றுமே இல்லை. அந்த ஞாயிறு எனக்கு நினைவிருந்தது.

கடைசி நான்கு மாதங்கள் வேறு மாதிரி. எட்டே காலுக்கு நான் போன பிறகும் படுக்கையறை விசிறியின் கோடு போய்க்கொண்டே இருக்கும். மூன்று மணிக்கு அது நிற்கும். மூன்றேகாலுக்கு ஒரு மேடு எழும். அரை மணி நேரம், ஏறக்குறைய ஒரு கிலோவாட். இஸ்திரிப் பெட்டி அப்படித்தான் இழுக்கும். அந்த நான்கு மாதமும் என் சட்டைகள் மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருந்தன. எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். யார் போட்டது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? என் சட்டைகளை எப்போதும் அவள்தான் இஸ்திரி போடுவாள். எழுந்து உட்கார முடியாத நாட்களிலும் போட்டிருக்கிறாள் என்பதை இந்த மேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பெயரை எடுத்துவிட்டாலும் வீட்டைக் கண்டுபிடிக்கலாம் என்று அன்றே ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எனக்குச் சம்பளம் அதற்குத்தான். எழுதியிருந்தால் கோப்பைத் திரும்ப வாங்கி அழித்திருப்பார்கள். நான் எழுதவில்லை. இன்னொரு ஏழு மாதம் போனது.

பிறகு பொது விசாரணை வந்தது.

அறுபது நாற்காலி போட்ட கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். மேடையில் ஆணையத் தலைவர். முப்பது வருடம் துணை மின் நிலையங்களில் பொறியாளராக வேலை பார்த்த பெண்மணி. எவ்வளவு பெரிய வக்கீல் பேசினாலும் கையில் பென்சிலை வைத்துக்கொண்டு, தேவையில்லாத வார்த்தைகளை மனதுக்குள் அடித்துக்கொண்டிருப்பது போலவே கேட்பார். ஓரத்தில் ஒரு மேசையில் நானும், என் மேலதிகாரியும். மேலதிகாரிக்கு எந்தக் கோப்பைக் காட்டினாலும் "அப்புறம் பார்க்கலாம்" என்பார். எங்கள் பிரிவில் அவர் பெயரே அப்புறம் சார்.

நிறுவனத்தின் கோரிக்கையை அதன் வக்கீல் வாசித்தார். பெயர் நீக்கிய அளவுகளைக் காலவரையறை இல்லாமல் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும். கேட்பவர்களுக்கு விற்கவும் அனுமதி வேண்டும். ஏசி விற்பவர்கள் கேட்கிறார்கள், காப்பீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். பெயர் இல்லாததால் யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை.

பொதுமக்கள் தரப்பில் மூன்றாவதாக எழுந்தவர் நாற்பது வயதுள்ள ஒரு பெண். மைக்கை வாங்கியதும் அதை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார்.

"நான் தையல்காரி. வீட்டுலதான் மெஷின். வீட்டுக்காரர் வெளியூர்ல வேலை. மீட்டர் அவர் பேர்ல. போன்ல ஒரு ஆப் கொடுத்திருக்காங்க. அதைத் திறந்து பார்த்துட்டு தினம் சாயங்காலம் எனக்குப் போன் பண்றாரு."

"என்ன கேக்கிறாரு?" என்றார் தலைவர்.

"'பதினொண்ணுலேர்ந்து ஒண்ணு வரைக்கும் ஃபேனும் ஓடல, மெஷினும் ஓடல. எங்க போன?' நூல் வாங்கப் போனா அதுக்கு ஒரு கேள்வி. பக்கத்து வீட்டுல உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினா அதுக்கு ஒரு கேள்வி. நான் கட்டிக்கிட்டது அவரையா மீட்டரையான்னே தெரியல மேடம்."

கூடத்தில் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"இப்ப ஒரு வேலை பண்றேன். வெளிய போறப்ப ஃபேனை ஓட விட்டுட்டுப் போறேன். ரெண்டு மணி நேரம் காலி நாற்காலி காத்து வாங்குது. கரண்டை மிச்சம் பண்ணுங்கன்னு நீங்கதான் சுவர்ல எழுதி வைக்கிறீங்க. அதுக்கும் நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

வக்கீல் எழுந்தார். "அம்மா சொல்றது குடும்ப விஷயம். நாங்க கேக்கிறது பெயர் நீக்கின விவரம். அது எந்த வீடுன்னு கடவுளாலயும் கண்டுபிடிக்க முடியாது."

"ஏன் சார்," என்றார் தையல்காரம்மா, "என் வீட்டுக்காரர் என் பேரைப் பார்த்தா கண்டுபிடிச்சாரு? அந்த மீட்டர்ல என் பேரே இல்லையே. ஃபேனைப் பார்த்துல்ல கண்டுபிடிச்சாரு?"

வக்கீல் தாளைப் புரட்டினார். தலைவரின் பென்சில் என் பக்கம் திரும்பியது.

"கோப்பு உங்ககிட்ட ஏழு மாசமா இருக்கு. பேரை எடுத்துட்டா வீட்டைக் கண்டுபிடிக்க முடியாதுன்னு சொல்றாங்க. உண்மையா?"

அப்புறம் சார் மேசைக்கு அடியில் என் காலை லேசாக மிதித்தார். அது பேசாதே என்று அர்த்தமா, பேசு என்று அர்த்தமா என்று இன்றுவரை தெரியவில்லை.

"ஆராய்ஞ்சு எழுத்துல கொடுக்கிறேன் மேடம்."

"பத்து நாள்."

மைக் இன்னும் தையல்காரம்மாவின் கையில்தான் இருந்தது. "முடியுமா முடியாதான்னு சொல்ல பத்து நாளா? எங்க வீட்டுக்காரர் ஒரே சாயங்காலத்துல கண்டுபிடிச்சிடுவாரு. அவரை வேணா வேலைக்கு வச்சுக்கோங்க."

இந்தத் தடவை தலைவரும் சிரித்தார்.

வீட்டில் அத்தை இருந்தார். என் மனைவியின் அம்மா. இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டில் இருந்தவர். மகள் நோயில் இருந்தபோது காலையில் வந்து மதியத்தோடு போய்விடுவார். மகளின் துணிகளைப் பிரித்து எடுத்து வைக்க ஒரு நாள் வந்தார். அந்த வேலை நான்கு நாளாகியும் முடியவில்லை. ஐந்தாம் நாள் தன் துணிகளையும் ஒரு பையில் எடுத்துவந்துவிட்டார். இருந்துகொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. இருக்கிறேன் என்று அவரும் சொல்லவில்லை.

"டீ போட்டு அரை மணி ஆச்சு. சுட வைக்கட்டுமா, அப்படியே குடிக்கிறீங்களா?"

"அப்படியே குடிக்கிறேன் அத்தை."

"இந்த வீட்டுல வாயைத் திறந்து பேசுறது ரெண்டே பேரு. நானும் அந்த ஃபிரிட்ஜும். அதுவும் நடுநடுவுல நிறுத்திடுது."

நான் டீயைக் குடித்தேன்.

"என்ன மாப்பிள்ளை, காத்து போன டயர் மாதிரி வந்திருக்கீங்க?"

"ஆபீஸ்ல ஒரு குறிப்பு எழுதணும்."

"எழுதிட்டுப் போங்களேன். படிச்சது அதுக்குத்தானே?"

"எழுதினா எனக்கு ஒண்ணு போயிடும்."

"எழுதலன்னா?"

"வேற ஒருத்தருக்குப் போகும்."

"யாருக்கு?"

"ஒரு தையல்காரம்மாவுக்கு."

அத்தை காலி டம்ளரை எடுத்துக்கொண்டார். "நல்லாத் தைப்பாங்களா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். என்ன போகும் என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. மகளின் பகல்கள் என் மேசைக் கணினியில் இருக்கின்றன என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? பார்க்க வேண்டும் என்று கேட்டால் காட்ட முடியாது. வேண்டாம் என்று சொன்னால் நான் மட்டும் எப்படிப் பார்ப்பது?

ஆறு நாள் எதுவும் எழுதவில்லை. ஏழாம் நாள் அப்புறம் சார் தன் கையாலேயே ஒரு வரைவு எழுதிக்கொண்டு வந்தார். அவர் தானாக ஒரு கோப்பைத் தொட்டதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"'அடையாளம் காணும் அபாயம் குறைவு.' இவ்வளவுதான். 'இல்லை'ன்னு போட்டா நாளைக்கு மாட்டுவோம். 'குறைவு'ன்னு போட்டா யாரும் நம்ம சட்டையைப் பிடிக்க முடியாது. கையெழுத்துப் போடு தம்பி."

பேனாவைத் திறந்தேன். கையெழுத்துப் போட்டால் கோப்பு இருக்கும். நிறுவனமும் வைத்துக்கொள்ளும், ஆணையமும் வைத்துக்கொள்ளும். அவள் எழுந்த நேரமும் குளித்த நேரமும் இருக்கும். விலை கொடுப்பவர்கள் கையிலும் இருக்கும். ஏசி விற்கும் யாரோ ஒருவன் 4417-ஐத் திறந்து, இந்த வீட்டில் பகலில் ஒரு ஆள் படுத்தே இருக்கிறார், விற்கலாம் என்று குறித்துக்கொள்வான். காலி நாற்காலி காத்து வாங்கிக்கொண்டே இருக்கும்.

"அபாயம் குறைவு இல்ல சார். நான் கண்டுபிடிச்சேன்."

"எதை?"

"என் வீட்டை."

அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். "எப்ப?"

"கோப்பு வந்த மூணாம் நாள்."

"ஏழு மாசமாவா பார்த்துக்கிட்டிருக்க?"

"மதியம் மட்டும் சார். ஒரு நாளைக்கு ஒரு நாள்."

"இதை எழுதினா உனக்கு மெமோ வரும்பா. ஆபீஸ் கோப்பைச் சொந்த விஷயத்துக்கு எடுத்தது ஒண்ணு. தெரிஞ்சும் மறைச்சது ஒண்ணு. பதவி உயர்வு ரெண்டு வருஷம் தள்ளிப் போகும். அப்புறம்..." என்று ஆரம்பித்தவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. உட்கார்ந்தார். வேறு குரலில் கேட்டார்: "என்னப்பா தெரிஞ்சுது அதுல?"

"அவ எப்ப எழுந்தா. எப்ப விளக்கைப் போட்டா."

அவர் தன் டீயை என் பக்கம் தள்ளினார். "குடி," என்றார். வரைவைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

குறிப்பை அன்று மாலையே எழுதினேன். மொத்தம் ஒன்பது பத்தி. முதல் ஐந்து பத்தியில் எப்படித் தேடினேன், எத்தனை தேதியில் எத்தனை வீடு மிஞ்சியது, ரசீதுகளோடு எப்படிப் பொருந்தியது. ஆறாவது பத்தியில் மாதிரிக்கு ஒரு நாள். ஏழாவதில் நான் செய்த தவறு. மீதி இரண்டில் பரிந்துரை.

அடுத்த அமர்வில் கூடம் முன்பைவிட நிறைந்திருந்தது. தையல்காரம்மா முதல் வரிசையில் இருந்தார். நான் எழுந்து ஐந்து பத்திகளை வாசித்தேன். என் வீடு என்று சொன்னபோது யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

வக்கீல் சுதாரித்துக்கொண்டு எழுந்தார். "சரி, ஒரு வீடுன்னு தெரிஞ்சுபோச்சு. ஒத்துக்கிறேன். அதனால என்ன? அதுல என்ன ரகசியம் இருக்கு? வெறும் யூனிட்தானே?"

"பத்தி ஆறை வாசிங்க," என்றார் தலைவர்.

வாசித்தேன்.

"மாதிரிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறரை வரை ஃபிரிட்ஜும் படுக்கையறை விசிறியும் மட்டும். ஆறரைக்கு வெந்நீர். எட்டே காலுக்கு ஒருவர் வெளியேறுகிறார். இன்னொருவர் வீட்டில் இருக்கிறார். படுக்கையறை விசிறி நிற்கவில்லை. மதியம் சமையல் இல்லை. தொலைக்காட்சி இல்லை. மூன்று மணிக்கு விசிறி நிற்கிறது. அவர் எழுந்துவிட்டார். மூன்றேகால் முதல் மூன்றேமுக்கால் வரை இஸ்திரிப் பெட்டி. வெளியேறியவரின் சட்டைகளை அவர் இஸ்திரி போடுகிறார். இதே மேடு கடைசி நான்கு மாதங்களில் தொண்ணூற்று மூன்று நாட்களில் உள்ளது. வீட்டில் இருந்தவர் நோயாளி. அந்த நான்கு மாதங்களின் முடிவில் அவர் இறந்தார். அதற்கு அடுத்த நாளிலிருந்து அந்த நேரத்தில் மேடு இல்லை."

என் குரல் நன்றாகத்தான் இருந்தது. அறிக்கை வாசிக்கிற குரல். தண்ணீர் குடித்துவிட்டு மீதியையும் வாசித்தேன். வக்கீல் அதற்குப் பிறகு எழவில்லை.

தலைவர் மதியத்துக்குள் உத்தரவைச் சொல்லிவிட்டார். பெயர் நீக்கிய வீட்டு அளவுகளை விற்கக் கூடாது. தெருவுக்குத் தெரு கூட்டித்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆப் நேரவாரியாக எதையும் காட்டக் கூடாது, நாளின் மொத்தத்தை மட்டும் காட்டலாம். எங்களுக்கு வந்த மாதிரிக் கோப்பு வெள்ளிக்கிழமை மாலைக்குள் எல்லா இடத்திலும் அழிக்கப்பட வேண்டும். இறங்கிப் போகும்போது என் மேசையருகே நின்றார்.

"மெமோ வரும். பதில் எழுதுங்க."

"சரி மேடம்."

"நீளமா எழுதாதீங்க."

நடைபாதையில் தையல்காரம்மா கையில் பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"மொத நாளே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"அழிச்சிடுவாங்கன்னுதான் சொல்லலையா?"

தலையாட்டினேன். அவர் ஓர் அடி கிட்டே வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். கேள்வி வந்தது.

"சட்டை அவங்கதான் போட்டாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?"

"இஸ்திரிப் பெட்டி லோடு எனக்குத் தெரியும்."

"பெட்டி ஓடுச்சு, சரி. கை யாருது? ஃபேன் நின்னா நான் ஊர் சுத்தப் போயிட்டேங்கிறாரு எங்க வீட்டுக்காரர். ஃபேன் நின்னா அவங்க சட்டை தேய்க்க எழுந்துட்டாங்கன்றீங்க நீங்க. அவரு சந்தேகத்துல சொல்றாரு, நீங்க பாசத்துல சொல்றீங்க. பார்த்தது ரெண்டு பேரும் இல்ல." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. மனசுல பட்டுது."

அவர் போன பிறகும் அங்கேயே நின்றேன். அப்புறம் சார் வந்து, "வீட்டுக்குப் போப்பா, மீதியை அப்புறம் பார்க்கலாம்," என்றார்.

நான் நாலு மணிக்கே வீட்டுக்கு வந்ததைப் பார்த்ததும் அத்தை பயந்துவிட்டார். "உடம்புக்கு என்ன?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பு, வரிசை எண், ஏழு மாத மதியங்கள், இன்று வாசித்தது, வெள்ளிக்கிழமை அழிக்கப்போவது. பதினான்கு மாதத்தில் நான் அவரிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. அவர் ஒரு கையால் மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"கடைசி வரைக்கும் என் சட்டையை அவதான் இஸ்திரி போட்டா அத்தை. எனக்கு அது தெரியவே தெரியாது."

துணி நின்றது.

"யாரு, அவளா? ஒரு டம்ளர் தண்ணியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிச்சா. அவ இஸ்திரிப் பெட்டியைத் தூக்கப் போறாளா?"

"பின்ன யாரு? நீங்க மத்தியானமே கிளம்பிடுவீங்களே."

"யார் சொன்னா?"

"அவதான்."

"அவ சொல்லுவா. சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் இங்கதான் கிடப்பேன். நீங்க வர்றதுக்குள்ள விரட்டி விட்டுடுவா. 'கிளம்பும்மா, உன்னைப் பார்த்தா எனக்கு முடியலன்னு அவருக்குத் தெரிஞ்சுடும்.' நான் தெருமுனையில திரும்புறப்ப நீங்க எதிர்ல வருவீங்க. எத்தனை நாள் கடைக்குள்ள புகுந்து ஒளிஞ்சிருக்கேன் தெரியுமா? அந்தக் கடைக்காரன் என்னை என்ன நினைச்சானோ."

அத்தை துணியை மடித்தபடி தொடர்ந்தார்.

"மூணு மணி ஆனா குளிர ஆரம்பிக்கும் அவளுக்கு. வெளியில வெயில் மண்டையைப் பிளக்கும், இவ வெடவெடன்னு ஆடுவா. ஃபேனை நிறுத்துவேன். போர்வையைத் தரையில விரிச்சு, இஸ்திரிப் பெட்டியை மேல ஓட்டி, சூட்டோட சூடா எடுத்துப் போத்துவேன். அது ஆறதுக்குள்ள அடுத்தது. ரெண்டு போர்வை, மாத்தி மாத்தி. அரை மணி நேரம் போனா அடங்கிடும். தூங்கிடுவா."

"சட்டை?"

"பெட்டி சூடா இருக்கே, சும்மா ஆறணுமான்னு உங்க சட்டையையும் ஒரு இழுப்பு இழுத்து வைப்பேன். அதுக்கும் படுக்கையிலேர்ந்து அதிகாரம் வேற. 'காலரை ஒழுங்காப் போடும்மா, இல்லாட்டி நான் போடலன்னு கண்டுபிடிச்சிடுவாரு.' கண்டுபிடிச்சீங்களா?"

"இல்ல அத்தை."

"நாலு மாசம்! இவரு எஞ்சினியரு!"

அத்தை சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறாகிவிட்டது. முகத்தை அந்த மேசைத் துணியாலேயே துடைத்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு முன் பிடித்ததில்லை. கை சின்னதாக இருந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா லீவு போட்டுட்டு வந்து அவளையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்களாம். 'அவரு பார்க்கிற பார்வையில எனக்கு இன்னும் குளிரும்மா'ன்னா."

உண்மைதான். அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது ஓர் அலுவலகக் கவலை. பத்தி ஆறு தவறு. என் கையெழுத்தோடு பதிவேட்டில் ஏறிவிட்டது. இருபது வருடம் கழித்து யாராவது அதை எடுத்துப் படித்தாலும் அவள் எழுந்து சட்டை தேய்த்துக்கொண்டிருப்பாள். அத்தை அந்த வீட்டில் இருந்திருக்கவே மாட்டார்.

"பதிவேட்டுல பொய் ஏறிடுச்சு அத்தை."

"ஏறினா இறக்குங்க. திருத்தம் எழுத முடியாதா?"

முடியும். தாளை எடுத்தேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"திருத்தக் குறிப்பு. எனது குறிப்பின் பத்தி ஆறில், 'அவர் எழுந்துவிட்டார்' என்பதை நீக்கவும். 'வெளியேறியவரின் சட்டைகளை அவர் இஸ்திரி போடுகிறார்' என்பதற்குப் பதிலாகப் பின்வருமாறு வாசிக்கவும்: நோயாளிக்குக் குளிர் எடுத்ததால் அவருடைய தாய் விசிறியை நிறுத்திவிட்டு, இஸ்திரிப் பெட்டியால் போர்வைகளைச் சூடாக்கி அவருக்குப் போர்த்தினார். வீட்டில் மூன்றாவதாக ஒருவர் இருந்ததை அளவுகளிலிருந்து அறிய முடியவில்லை. வீட்டை அறிந்தவனாலும் முடியவில்லை. எனவே இத்தகைய அளவுகள் வீட்டைக் காட்டிக்கொடுக்கும். வீட்டில் உள்ளவர்களைப் பற்றித் தவறாகவும் சொல்லும்."

வாசித்துக் காட்டினேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அவ சிரிச்சதைக் காணோமே."

"எப்ப சிரிச்சா?"

"தினமும்தான். சூடு மேல பட்டதும் சிரிப்பா. அதையும் போடுங்க."

"அதெல்லாம் மீட்டர்ல தெரியாது அத்தை."

"அதனாலதான் போடச் சொல்றேன்."

பேனாவைத் திரும்ப எடுத்தேன். நீளமாக எழுதாதீர்கள் என்றுதான் தலைவர் சொல்லியிருந்தார். 'போர்த்தினார்' என்பதற்குப் பிறகு ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் சேர்த்தேன்: நோயாளி சிரித்தார்.

பிறகு கேட்டேன். திருத்தத்துக்கு அது தேவையில்லை.

"என்ன சொல்லிச் சிரிப்பா?"

அத்தை துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்து உட்கார்ந்தார்.